ஆர்கன்காரரும் அண்ணாச்சியும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். எனக்கு சங்கீத இலக்கணம் எதுவும் தெரியாது. முப்பது வருசமா ராகம் கண்டுபிடிக்க முயற்சி பண்ணி மோகனம், கல்யாணி ரெண்டோட நின்னு போன ஆளு நான். அதனால ஜாஸ் பத்தி எழுதறேன்னதும் "ஆரம்பிச்சுட்டான்டா"ன்னு ஓடிடாதீங்க மக்கா. இதுல பாதி ஜாஸ், மீதி பாதி அண்ணாச்சி.

போன வாரம் அண்ணாச்சி போன் பண்ணினார். எடுத்த எடுப்புல, "இன்னிக்கு அந்தப் பயலைக் கேட்டேன்டே"ன்னார். எந்தப் பயன்னு நான் கேக்கலை. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே ஒரு 'அந்தப் பய'தான். ஜோயி டிஃப்ரான்செஸ்கோ. ஹாமண்ட் ஆர்கன் வாசிச்ச மனுசன். 2022 ஆகஸ்ட் 25-ல தன்னோட 51-வது வயசுல இறந்து போனார். அவரால நானும் அண்ணாச்சியும் ஒரு வருசத்துக்குக் கிட்ட பேசாம இருந்தோம். அதுக்குத்தான் இந்தக் கொசுவத்தி.

அண்ணாச்சிக்கு சொந்த ஊர் பாளையங்கோட்டை. எண்பதுகள்ல அமெரிக்கா வந்தவர். நியூஜெர்சியில ஒரு தொழிற்சாலையில இருபது வருசத்துக்கு மேல மெஷின்களுக்கு நடுவுல வேலை. நான் 2004-ல பொட்டியோட வந்து இறங்கினப்போ ஒரு பொங்கல் விழாவுல பழக்கமாச்சு. "ஊர்ல எந்தத் தெரு?"ன்னு ஆரம்பிச்ச பேச்சு, அடுத்த வாரம் அவர் வீட்டு பேஸ்மென்டுல போய் நின்னுச்சு. சுவர் முழுக்க இசைத்தட்டு. ஒரு பக்கம் மதுரை மணி, எம்.டி.ஆர். இன்னொரு பக்கம் ஜிம்மி ஸ்மித், ஜிம்மி மெக்ரிஃப், ஷெர்லி ஸ்காட். எல்லாரும் ஆர்கன்காரங்க, எல்லாரும் பிலடெல்பியா பக்கத்து ஆளுங்க. பாட்னாவுல எல்லாரும் அரசியல்வாதியா இருக்கற மாதிரி பிலடெல்பியாவுல எல்லாரும் ஆர்கன் வாசிப்பாங்க போலன்னு அன்னிக்கு நினைச்சேன்.

எனக்கு ஜோயி கிடைச்சது வேற ரூட்டு. விக்கு விநாயக்ராமோட கடத்துக்காக சக்தி குழு கேசட் வாங்கினேன். சக்தியில கிதார் வாசிச்ச ஜான் மெக்லாஃப்லின் வேற என்னல்லாம் பண்ணியிருக்கார்னு தேடினேன். 1994-ல வந்த 'டோக்கியோ லைவ்' கையில மாட்டுச்சு. மூணே பேர்: கிதார், டிரம்ஸ், ஆர்கன். ஆர்கன்ல ஜோயி. அப்போ அவருக்கு இருபத்தி ரெண்டு வயசுதான். 17 வயசுலயே மைல்ஸ் டேவிஸ் அவரைக் குழுவுல சேர்த்து ஐரோப்பாவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தார். அந்தத் தட்டைக் கேட்ட அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

இந்த ஆர்கனைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லியாகணும். கடிகாரம் செஞ்சுக்கிட்டிருந்த லாரன்ஸ் ஹாமண்ட் 1935-ல கொண்டு வந்த சாமான் இது. உள்ளே ஒரு மோட்டார், 91 சின்னச் சக்கரங்கள். ஒவ்வொண்ணும் ஒரு காந்தத்துக்கு முன்னாடி சுத்தும், அதுல இருந்து சத்தம். குழாய் ஆர்கன் வாங்க வசதி இல்லாத சர்ச்சுகளுக்காக வந்தது. ஜாஸ்காரங்க கொண்டாடின பி-3 மாடல் 1954-ல வந்து, எழுபதுகளின் நடுவுல நின்னே போச்சு. பெடல், பெஞ்ச் எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 190 கிலோ. மாடிப்படியில தூக்கிட்டுப் போறவனைக் கேட்டா கதை கதையா சொல்வான். கூடவே லெஸ்லின்னு ஒரு மரப்பெட்டி. அதுக்குள்ள ஸ்பீக்கர்ல இருந்து வர்ற சத்தத்தைச் சுழட்டிச் சுழட்டி வெளியே விடும். ஹாமண்டுக்கு அந்தப் பெட்டி சுத்தமா பிடிக்காதாம். சாவியை அமுக்கும்போது 'டிக்'னு வர்ற சத்தத்தையும் குறைன்னுதான் நினைச்சாங்க. இன்னிக்கு ஜனங்க காசு குடுத்துக் கேக்கறது அந்த 'டிக்'கையும் அந்தப் பெட்டியையும்தான்.

முக்கியமான சமாச்சாரம், இந்த ஆர்கன் இருக்கற குழுவுல பெரும்பாலும் பாஸ் வாசிக்கத் தனி ஆள் கிடையாது. ஆர்கன்காரரோட இடது கைதான் பாஸ், கால் பெடல்ல லேசா தட்டி அதுக்கு ஒரு அழுத்தம் குடுக்கும். வலது கை கச்சேரி பண்ணும். ஒரே ஆள் ரெண்டு ஆள் மாதிரி யோசிக்கணும்.

சரி, சண்டைக்கு வருவோம்.

ஜோயியைப் பத்திக் கேக்கறவங்க நடுவுல எப்பவுமே கட்சி உண்டு. ஒரு கட்சி, "ஜிம்மி ஸ்மித்துக்கு அப்புறம் இவர்தான், ஆர்கனைக் குழியில இருந்து மறுபடி தோண்டி எடுத்தவர்"னு சொல்லும். அது பொய் இல்லை. அவரோட முதல் தட்டு வந்த 1989-ல, பி-3 உற்பத்தி நின்னு பதினைஞ்சு வருசம் ஆகியிருந்தது, சின்தசைசர் காலம். இன்னொரு கட்சிக்கு அவர் ஜிம்மி ஸ்மித்தோட கார்பன் காப்பி, கூடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். மூணாவது ஒரு சின்னக் கட்சி உண்டு. இவங்களுக்கு லேரி யங் தான் கடவுள். 1965-ல பதிவான 'யூனிட்டி'யில ஆர்கன் எங்க போகலாம்னு அவர் காட்டிட்டார், இவர் இன்னும் பழைய புளூஸையே அரைக்கறார்னு சலிச்சுக்குவாங்க. நேரடி நிகழ்ச்சின்னா கட்சி இன்னும் பிரியும். திடீர்னு டிரம்பெட்டைத் தூக்கி வாசிப்பார், பாடுவார். "அடடா"ன்னு ஒரு கூட்டம். "இவரை யாரு பாடச் சொன்னா?"ன்னு ஒரு கூட்டம்.

அண்ணாச்சி எந்தக் கட்சின்னு நீங்களே ஊகிச்சிருப்பீங்க. அவருக்கு ஜிம்மி ஸ்மித்துதான். 'தி செர்மன்'னு 1958-ல பதிவான ஒரு புளூஸ், இருபது நிமிசம் ஓடும். அவசரமே கிடையாது. ஒருத்தர் பேசி முடிச்சப்புறம் அடுத்தவர் ஆரம்பிப்பார். அதைப் போட்டுட்டு, "பாத்தியா, எங்க நிறுத்தணும்னு தெரியுது பாரு. உன் ஆளு தவில்காரனுக்கு வெறி பிடிச்ச மாதிரி ரொப்புதான். நோட்டு ஜாஸ்தி, சங்கதி கம்மி"ன்பார். நான் பதிலுக்கு 2000-ல வந்த 'இன்கிரெடிபிள்' தட்டைப் போடுவேன். அதுல ஜிம்மி ஸ்மித்தே ஜோயியோட சேர்ந்து மேடையில வாசிச்சிருப்பார். "உங்காளே ஒத்துக்கிட்டார், உங்களுக்கென்ன?"ன்னு கேட்டா, "பெரியவங்க பிள்ளைகளைத் தட்டிக் குடுப்பாங்கடே"ன்னு முடிச்சுடுவார்.

உண்மையைச் சொன்னா அண்ணாச்சி சொன்னதுல பாதி எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. 'டோக்கியோ லைவ்' இப்போ கேட்டா எனக்கே மூச்சு முட்டுது. ஆனா அடுத்த வருசமே அதே மெக்லாஃப்லினோட, டிரம்ஸ்ல எல்வின் ஜோன்ஸ் உக்கார, 'ஆஃப்டர் த ரெயின்' வந்தது. அதுல அதே கை எவ்வளவு அடங்கி இருக்குன்னு கேட்டுப் பாருங்க. இதை அண்ணாச்சிகிட்ட நான் ஒத்துக்கவே இல்லை. ஒத்துக்கிட்டா அப்புறம் சண்டை எப்படிப் போடறது?

ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுல ஒரு கறுப்பினப் பெண்மணி இருந்தாங்க. மேற்கு பிலடெல்பியா, சின்ன வயசுல இருந்தே சர்ச்சுல பாடறவங்க. அவங்ககிட்ட இந்தப் பஞ்சாயத்தை வெச்சேன். ரெண்டு பேரும் தப்பான கையைக் கேக்கறீங்கன்னாங்க. போதகர் பேசும்போது ஆர்கன்காரர் வாசிச்சுக் காட்டக் கூடாது, அவர் மூச்சு விடற இடத்துல பதில் சொல்லணுமாம். அதுக்கு ஆதாரம் இடது கை. அது டிரம்ஸ்காரரைக் கேக்குதா, இல்லையான்னு மட்டும் பாருங்கன்னாங்க. இந்தப் பையன் கேக்கறான்னு தீர்ப்பும் சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் ஆர்கன் கேக்கற விதமே மாறிப் போச்சு.

2012 வாக்குல ஜோயி பிலடெல்பியாவுல வாசிக்க வந்தப்போ ரெண்டு டிக்கெட் வாங்கினேன். ஒண்ணு அண்ணாச்சிக்கு. நேர்ல கேட்டா கட்சி மாறிடுவார்னு எனக்கு ஒரு நம்பிக்கை. நானே முன்னாடி போய் நல்ல டேபிளாப் பாத்துப் பிடிச்சேன். லெஸ்லி பெட்டிக்கு ஆறடி தூரம். புத்திசாலின்னு நினைப்பு வேற.

என் வரைக்கும் அந்த ராத்திரி மறக்க முடியாதது. பாஸ் காதுல விழலை, நாற்காலி வழியா முதுகுல ஏறுச்சு. தட்டுல 'நோட்டு அதிகம்'னு தோணினது நேர்ல அப்படித் தோணவே இல்லை. டிரம்ஸ்காரர் ஒரு தட்டு தட்டினா இடது கை உடனே ஒதுங்கி வழி விடுது. அந்தம்மா சொன்னது சரி. ஒரே ஒரு ஸ்வரத்தை மேல பிடிச்சு வெச்சுக்கிட்டு, ஆளை அசைய விடாம, கீழே பாஸ் நடந்துக்கிட்டே இருக்க, கூட்டம் கத்த ஆரம்பிச்சது. நானும் கத்தினேன். (என்னைத் தெரிஞ்சவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம்னு தெரியும்.)

திரும்பிப் பாத்தா அண்ணாச்சி மூஞ்சி சுருங்கிக் கிடக்கு. காதுல விரலை விட்டு ஆட்டறார், எடுக்கறார், மறுபடி விடறார். மூணாவது பாட்டு முடியறதுக்குள்ள எந்திரிச்சு, "இரைச்சலாடே இருக்கு. நான் வெளியே நிக்கேன்"னு போயிட்டார். நானும் பாதியில எந்திரிக்க வேண்டியதாப் போச்சு.

கார்ல பாலம் தாண்டற வரைக்கும் பேச்சில்லை. அப்புறம் நான்தான் ஆரம்பிச்சேன். என்னென்னமோ சொன்னேன். கடைசியா ஒண்ணு சொன்னேன்: "1965-க்கு அப்புறம் உங்களுக்கு எதுவுமே காதுல விழாது அண்ணாச்சி." அவர் பதிலே சொல்லலை. வீட்டு வாசல்ல இறங்கும்போது "வாரேன்"னு சொல்லாம கதவைச் சாத்தினார். 

அடுத்த வாரம் நான் போன் பண்ணலை. அவரும் பண்ணலை. ரெண்டு மாசம் கழிச்சுப் பண்ணலாம்னு தோணினப்போ, 'ரெண்டு மாசம் ஆச்சே, என்னன்னு பண்றது'ன்னு விட்டேன். இப்படியே போச்சு.

அடுத்த வருசம் ஒரு நவராத்திரி கொலுவுல மதினியைப் பாத்தேன். சுண்டல் வாங்கிக்கிட்டு நழுவப் பாத்தவனை நிறுத்தி, "அன்னிக்கு என்னல சொன்ன அவங்களை?"ன்னு கேட்டாங்க. அப்புறம்தான் தெரிஞ்சது. கச்சேரிக்கு ஒரு மாசம் முன்னாடிதான் அண்ணாச்சிக்கு ரெண்டு காதுலயும் மெஷின் வெச்சிருக்காங்க. வெளியே தெரியாத சின்ன டைப். மதினிக்கும் டாக்டருக்கும் தவிர யாருக்கும் சொல்லலை. இருபது வருச மெஷின் சத்தம், வேறென்ன. நான் காதுல விழாதுன்னு சொன்னதை அவர் எப்படி எடுத்துக்கிட்டிருப்பார்னு யோசிச்சேன். கையில இருந்த சுண்டல் இறங்கலை.

மறுநாள் போனேன். மன்னிப்பெல்லாம் எனக்குக் கேக்க வராது. அவர்கிட்ட எப்பவோ இரவல் வாங்கின 'பேக் அட் த சிக்கன் ஷாக்' இசைத்தட்டைத் திருப்பிக் குடுக்க வந்தேன்னு சொன்னேன். "அது காணாமப் போச்சுன்னு நினைச்சேன். உள்ளே வா"ன்னார். அவ்வளவுதான்.

அன்னிக்கு அவர் விளக்கினதை இங்க எழுதறேன், உங்க வீட்லயும் யாருக்காவது பயன்படும். காது மெஷின் பேச்சுக்காக செஞ்சது. மெஷின்ல இருந்து சில நேரம் 'கீ'ன்னு விசில் வரும் இல்லையா, அதைத் தானாவே கண்டுபிடிச்சு அமுக்கறதுக்கு உள்ளே ஒரு ஏற்பாடு இருக்கு. பேச்சுல எந்தச் சத்தமும் ரொம்ப நேரம் ஒரே மாதிரி நீளாது. ஆர்கன் நீளும். நீளமா ஒரு ஸ்வரம் வந்தா மெஷின் அதை விசில்னு நினைச்சுத் துரத்த ஆரம்பிக்கும். துரத்தும்போது அந்த ஸ்வரம் நடுங்கும், குழறும், பக்கத்துல இல்லாத ஒரு சத்தம் முளைக்கும். அதுவும் லெஸ்லி பெட்டிக்கு ஆறடியில உக்கார வெச்சா? ஊரே எந்திரிச்சுக் கத்தின அந்த ஒத்தை ஸ்வரம் அவருக்கு ஆடு அலறற மாதிரி கேட்டிருக்கு. நாங்க ரெண்டு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்து வேற வேற கச்சேரி கேட்டிருக்கோம்.

"அப்போ உங்க விமர்சனம் எல்லாம் வாபஸா அண்ணாச்சி?"ன்னேன்.

"இரைச்சல்ன்னது மெஷின். நோட்டு ஜாஸ்தின்னது நான்"ன்னார்.

அப்புறம் காது டாக்டர்கிட்ட சொல்லி இசைக்குன்னு தனியா ஒரு செட்டிங் போட்டுக்கிட்டார். அந்த விசில் துரத்தற வேலை அதுல கிடையாது. பட்டனைத் தட்டினா மாறும். 2019-ல ஜோயி, சாக்ஸபோன்காரர் ஃபாரோ சாண்டர்ஸோட சேர்ந்து பண்ணின தட்டை நான்தான் கொண்டு போய்ப் போட்டேன். முழுசா கேட்டார். லேரி யங் கட்சிக்காரங்க பாதிப் பேர் அந்தத் தட்டுலதான் மனசு மாறினாங்க. அண்ணாச்சி மாறலை. "கிழவன் நல்லா ஊதுதார்"னு சாண்டர்ஸுக்கு மட்டும் சர்டிபிகேட் குடுத்தார்.

2022-ல செய்தி வந்த அன்னிக்கு நான்தான் போன் பண்ணினேன். அவருக்கு எழுபது தாண்டியாச்சு. "அம்பத்தொண்ணாடே?"ன்னார். மறுபடி, "அம்பத்தொண்ணா?"ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் லைன்ல சத்தமே இல்லை. அந்த ராத்திரியைப் பத்தி ரெண்டு பேரும் பேசலை. அன்னிக்குக் கேக்காம வந்த மிச்சக் கச்சேரி எனக்கு ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்திருக்கும்.

போன வாரம் போன் வந்ததும் கிளம்பிப் போனேன். பேஸ்மென்டுல 'ஆஃப்டர் த ரெயின்' ஓடிக்கிட்டிருக்கு. அண்ணாச்சி கண்ணை மூடி, தொடையில இடது கையால மட்டும் பாஸ் தட்டிக்கிட்டிருக்கார். வலது பக்கம் போய் உக்காந்து, "என்ன அண்ணாச்சி, நோட்டு இன்னும் ஜாஸ்தியா?"ன்னு கேட்டேன். பதில் இல்லை. திரும்பக் கேட்டேன். கண்ணைத் திறந்து பாத்தார்.

"இந்தப் பக்கம் வந்து உக்காருடே. வலது காதுல பேட்டரி தீந்து போச்சு."