மூன்றாவது பெட்டி

வீண் பேச்சு என்கிறார்கள். வேலையற்றோர் பேச்சு என்கிறார்கள். "பாடத்தைப் பற்றி ஒரு நாளாவது இப்படி வாதாடியிருப்பார்களா இந்தப் பிள்ளைகள்?" என்று ஆசிரியர் அறையிலே அங்கலாய்க்கிறார்கள். அந்த அறையிலேதான் நாமும் அமர்ந்திருக்கிறோம். அதே தேநீரைத்தான் அருந்துகிறோம். எனினும் அந்த அங்கலாய்ப்பிலே நமக்குப் பங்கில்லை.

சுந்தரபாண்டியத்திலே தறிச் சத்தம் ஓயும் மாலை நேரம். மேற்கே மலை கறுத்துவிடும். தென்னந்தோப்புகளிலே பறவைகள் அடங்கிவிடும். அடங்காதவர்கள் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தாம். பள்ளிச் சுவரோரம் நின்று அவர்கள் தொண்டை வறளப் பேசியது எதைப்பற்றி? ஒரு பெட்டியைப்பற்றி! எகிப்து நாட்டுச் சவப்பெட்டி. அதனுள்ளே யாரோ இருக்கிறார், தட்டுகிறார், திறப்பாரில்லை. யார் அவர்?

கதையைச் சொல்லிவிடுகிறோம். 'மூன் நைட்' என்றொரு தொலைக்காட்சித் தொடர். அமெரிக்க நாட்டு மார்வெல் நிறுவனம், 1975லே படக்கதையில் பிறந்த ஒரு மாவீரனை 2022லே திரைக்குக் கொண்டுவந்தது. ஆறே பகுதிகள், மார்ச்சு 30லே தொடங்கி மே 4லே முடிந்தது. இலண்டன் அருங்காட்சியகத்துக் கடையிலே பணிபுரியும் ஸ்டீவன் கிராண்ட் என்னும் ஏழைச் சிற்றாள், தன் உடலுக்குள்ளேயே மார்க் ஸ்பெக்டர் என்னும் கூலிப்படை வீரன் ஒருவன் குடியிருப்பதைக் கண்டு திடுக்கிடுகிறான். அந்த மார்க்கை ஆட்டுவிப்பதோ கான்சு என்னும் எகிப்தியத் திங்கட் கடவுள்! கடவுளா, கலங்கிய உள்ளமா—இதுதான் தொடர் முழுவதும் தொங்கும் கேள்வி.

நம் பிள்ளைகள் சென்ற ஆண்டுதான் இதைத் தமிழ்க் குரலிலே பார்த்தார்கள். திருப்பூரிலே வேலை பார்க்கும் அண்ணன் ஒருவன் சந்தா கட்டிய வீடு. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் மட்டுமே அந்த வீட்டுத் தாயார் இசைவு தந்தார். ஆகவே கிழமைக்கு ஒரு பகுதி! முடிவை முன்கூட்டித் தேடிப் படிப்பவருக்கு ஆட்டத்திலே இடமில்லை என்று தாங்களே சட்டமும் செய்துகொண்டார்கள்.

மூன்றாம் பகுதியிலே, கெய்ரோ நகரத்துச் சண்டைக்கு நடுவே மார்க் நினைவிழக்கிறான். கண் விழித்தால் கையிலே கத்தி, எதிரே குருதி. "நான் செய்யவில்லை" என்கிறான் மார்க். "நானும் செய்யவில்லை" என்கிறான் ஸ்டீவன். செய்தவன் யார்? நான்காம் பகுதியின் இறுதியிலே, மனநோய் மருத்துவமனை போன்ற ஓரிடத்திலே, ஸ்டீவனை ஒரு பெட்டியிலிருந்து மார்க் விடுவிக்கிறான். இருவரும் ஓடுகிற வழியிலே இன்னொரு பெட்டி. உள்ளே யாரோ முட்டி மோதும் ஓசை. அதை விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

பிறந்தன மூன்று கட்சிகள்! "மூன்றாமவன் ஒருவன் அந்த உடலிலே இருக்கிறான்" என்றது ஒன்று. "கான்சுவே உடலை ஏறி இயக்குகிறது" என்றது மற்றொன்று. "எல்லாமே ஒரு நோயாளியின் கனவு" என்றது இன்னொன்று.

நாற்பது பக்க நோட்டு ஒன்றை அவர்கள் வைத்திருந்ததை நாம் வாங்கிப் பார்த்தோம். வகுப்பிலே பேச வாய் திறவாத ஒரு பெண் அதற்குப் பொறுப்பாளர். பக்கத்துக்கு மூன்று பத்திகள்: 'என் ஊகம்', 'சான்று', 'எது நடந்தால் நான் தோற்றேன்'. நாம் வியந்தோம். மூன்றாம் பத்தியை இவர்களுக்குக் கற்பித்தவர் யார்? எவருமில்லை. தோற்றவன் தோல்வியை ஒப்புக்கொள்ளாமல் நழுவியதிலே எழுந்த சண்டைதான் கற்பித்ததாம்! கார்ல் பாப்பர் என்னும் அறிஞர் 1934லே ஒரு நூல் முழுவதும் வாதாடி நிறுவ முயன்ற செய்தி—எந்த நிகழ்ச்சியாலும் பொய்யாக்க முடியாத கூற்று அறிவியலாகாது என்ற செய்தி—சுந்தரபாண்டியத்துச் சுவரோரத்திலே, அவர் பெயரையே கேட்டறியாத பிள்ளைகளின் நோட்டிலே கோடு போட்டு நின்றது.

கனவுக் கட்சிக்காரனின் மூன்றாம் பத்தி வெறுமையாக இருந்தது. எது நடந்தாலும் அதுவும் கனவிலே நடந்ததுதானே! "தோற்க வழியில்லாதவனுக்கு ஜெயிக்கவும் வழியில்லை" என்று எழுதி அவனை ஆட்டத்திலிருந்து விலக்கிவைத்திருந்தாள் அந்தப் பெண்.

ஐந்தாம் பகுதி, தம்பியைப் பறிகொடுத்த ஒரு சிறுவனைத் தாயே பழித்து அடித்த கொடுமையைக் காட்டியது. அந்தக் கொடுமையைத் தாங்க மாட்டாத பிஞ்சு உள்ளம் படைத்துக்கொண்டவனே ஸ்டீவன் என்றும் காட்டியது. அன்று மட்டும் வாதம் நடக்கவில்லை என்றார்கள். ஆறாம் பகுதி, இறுதி எழுத்துகளுக்கு நடுவே, ஜேக் லாக்லி என்ற மூன்றாமவனை வண்டியோட்டியாக இருக்கையிலே உட்கார்த்திக் காட்டிற்று. கான்சு கட்சிக்காரன் எழுந்து, நோட்டிலே 'தோற்றேன்' என்று எழுதிக் கையொப்பமும் இட்டான். பெரியவர்கள் எத்தனை பேர் இட்டிருக்கிறார்கள் இப்படி ஒரு கையொப்பம்?

புதுமை ஏதுமில்லை இதில். 1997லே நம் தாய்மாரும் சித்திமாரும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா இயக்க, சன் தொலைக்காட்சியிலே கிழமைதோறும் வந்தது 'விடாது கருப்பு'. ஊரிலே தவறு செய்தவர்கள் ஒவ்வொருவராகத் தண்டிக்கப்படுகிறார்கள். குதிரைக் குளம்பொலி கேட்கிறது. தண்டிப்பது கருப்புசாமியா, மனிதனா? அக்காள் ஒரு கட்சி, தங்கை ஒரு கட்சி. தண்ணீர்க் குழாயடியிலே அதுவே பேச்சு என்று அம்மா இன்றும் சொல்வார்கள். இறுதியிலே தெய்வம் வரவில்லை. பிளவுபட்ட ஒரு மனித உள்ளம்தான் வந்தது. குழாயடி அதை ஏற்றுக்கொண்டது! ஆனால் அதே தெருவிலே, காய்ச்சல் கண்ட பிள்ளைக்குக் 'காத்து கருப்பு' அடித்துவிட்டதென்று வேப்பிலை அடிப்பது ஒரு நாளும் நிற்கவில்லை. கதையிலே துலங்கிய அறிவு வாசற்படியிலே ஏன் நின்றுவிட்டது? இந்தக் கேள்விதான் நம்மை உறுத்துகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது; அதை மறைத்துவிட்டுப் பிள்ளைகளைப் பாராட்ட நாம் ஒருப்படோம். கதையிலே பெட்டியைக் காட்டினால் அதற்கொரு காரணம் உண்டு, ஏனென்றால் அதை அங்கே வைத்த எழுத்தாளர் ஒருவர் உண்டு. இந்தப் பழக்கம் முற்றினால் என்ன ஆகும்? 2021லே வந்த 'வாண்டாவிஷன்' தொடரைப் பார்த்தவர்கள், மெபிஸ்டோ என்னும் சாத்தான் வரப்போகிறான் என்று உலகெங்கும் தொடர் ஓடிய கிழமைகளெல்லாம் உறுதி கூறினார்கள். பூச்சி தெரிந்தால் அவன் அடையாளம். பக்கத்து வீட்டுக்காரி தன் கணவனைப்பற்றிப் பேசி அவனைக் காட்டாமலிருந்தால் அந்தக் கணவனே அவன்! தொடர் முடிந்தது, சாத்தான் வரவேயில்லை. பூச்சி வெறும் பூச்சியாகவே இருந்தது.

பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பவர் யார்? உலகத்தை ஒரு தொடராகவும், பல்லியை அதன் எழுத்தாளர் விட்டுச்சென்ற குறிப்பாகவும் படிக்கும் ரசிகர்! பூனை குறுக்கே போனால் அவருக்கு அடுத்த பகுதி தெரிந்துவிடுகிறது. அவரிடம் முதற் பத்தி உண்டு, இரண்டாம் பத்தியும் வேண்டுமட்டும் உண்டு. இல்லாதது மூன்றாவதுதான்.

ஐப்பசி மழையிலே, நம் மாணவன் ஒருவனுடைய மாமா விடியற்காலையிலே வயிற்றுவலி என்று எழுந்து உட்கார்ந்தார். தரையிலே பாய் விரித்துப் படுத்திருந்தவர். விரலிலே ஊசி குத்தினாற்போல் ஒரு புள்ளி, வீக்கமில்லை, வலியில்லை. "ஏதாவது பூச்சியா இருக்கும்" என்றார் பெரியப்பா. "காத்து கருப்புடா, பார்வை பாக்கறவரைக் கூட்டியாங்க" என்றார் அப்பத்தா. ஆட்டத்திலே தோற்றுக் கையொப்பமிட்டானே, அந்தக் கான்சு கட்சிக்காரன்தான் இந்தப் பிள்ளை.

"பூச்சின்னா கண்ணு ஏன் சொக்குது, பெரியப்பா?" என்று கேட்டிருக்கிறான். "தூக்கம்டா." "அப்ப முகத்துல தண்ணி அடிச்சா இமை தூக்கணும்ல?" தண்ணீர் அடித்தார்கள். தூக்கவில்லை. பேச்சும் குழறத் தொடங்கியது.

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வீங்காது, வலிக்காது. உறங்குபவரைத் தேடி வந்தாற்போல் இரவிலே கடிக்கும். அதன் நஞ்சு நரம்புக்கும் தசைக்கும் இடையேயுள்ள தொடர்பை அறுத்து, முதலிலே இமையைச் சாய்த்து, பிறகு மூச்சையே நிறுத்தும். கடித்த பாம்பு நஞ்சற்றதாக இருந்தாலோ, கடித்தும் நஞ்சை இறக்காமல் விட்டாலோ மந்திரம் பலிக்கும். அந்தப் புகழைக் கொண்டுதான் மந்திரிப்பவர் வாழ்கிறார். நஞ்சு இறங்கியிருந்தால் வேண்டியது நஞ்சுமுறி மருந்து. மூச்சுத் தடுமாறினால் மூச்சு கொடுக்கும் கருவி. 108க்குப் பேசியவன் பையன். பார்வை பார்ப்பவர் வந்து சேருமுன் வண்டி வந்துவிட்டது; திருவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனையிலே மருந்து ஏறியது.

பத்து நாள் கழித்து மாமா தறியிலே உட்கார்ந்தார். பார்வை பார்ப்பவரும் வந்து நலம் கேட்டாராம். தாம் வீட்டிலிருந்தபடியே அன்று ஓதியதாகவும், அதனால்தான் மருந்து வேலை செய்தது என்றும் சொல்லிவிட்டுப் போனாராம். அப்பத்தா அவருக்கு வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தாராம்.

மறுநாள் அந்த நோட்டை மீண்டும் பார்த்தோம். 'மூன் நைட்' பக்கங்கள் முடிந்து, புதிய பக்கத்திலே அந்தப் பெண்ணின் கையெழுத்து. முதற் பத்தி: 'வீட்டிலிருந்து ஓதினாலும் நஞ்சு இறங்கும்.' இரண்டாம் பத்தி: 'மாமா பிழைத்தார்.' மூன்றாம் பத்தியிலே ஒன்றும் எழுதாமல், ஓரத்திலே பென்சிலால் குறித்திருந்தாள்: 'அவரிடமே கேட்கணும். யார் போறது?'

அதன் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன.