அஞ்சி மலரும் அன்பு

2022ஆம் ஆண்டு நெட்பிளிக்ஸில் வெளிவந்த ‘ஹார்ட்ஸ்டொப்பர்’ என்னும் ஆங்கிலத் தொடரில், சார்லி, நிக் என்னும் பள்ளி மாணவர் இருவர் ஒருவரையொருவர் காதலிக்கின்றனர். இளைஞர் இதனை விரும்பிப் பார்ப்பதேன்? புதுமை நாட்டம் என்று கூறி அமைந்துவிட நம்மால் இயலவில்லை. பழைய காதற் கதைகளில் குலமும் குடியும் தடையாய் நின்றன. அவை தளர்ந்த நாடுகளிற் கதாசிரியர் தடையை வலிந்து புனைய வேண்டியிருக்கிறது. இங்கோ அச்சம் மெய்யானது; ஆதலாற் கையைக் கை தொடுவதும் பெருந்துணிவாகிறது. முதற் பருவத்தின் இறுதியில் நிக் தன் தாயிடம் உண்மையைச் சொல்கிறான். அவள் அவனை அணைத்துக்கொள்கிறாள். பார்ப்போர் நெஞ்சு நெகிழ்வது அங்கேதான்.

நம் வகுப்பிலும் வாய்திறவாப் பிள்ளை ஒன்று இருத்தல் கூடும். அப்பிள்ளை இத்தொடரை விரும்பினால், அத்தகைய தாயைத் தன் வீட்டிலும் தேடுகிறது என்றே நாம் கொள்வோமாக.