96 எம்.பி. சேலைக் கடை!

முதல்ல ஒரு குட்டி வேலை கொடுக்கிறேன். உங்க மொபைலை எடுங்க. கேலரியில ஏதாவது ஒரு போட்டோவைத் திறந்து, அதோட விவரத்தைப் பாருங்க. 4000, 3000னு ரெண்டு நம்பர் இருக்கும். பக்கத்துல நாலு எம்.பி.யோ அஞ்சு எம்.பி.யோ போட்டிருக்கும். பார்த்தாச்சா? அந்த ரெண்டு நம்பரையும் பெருக்கினால் ஒரு கோடியே இருபது லட்சம். அத்தனை புள்ளிகள் சேர்ந்ததுதான் நீங்க எடுத்த அந்த ஒரே ஒரு போட்டோ!

இப்போ இதே மாதிரி நாலு எம்.பி. படங்கள் 24-ஐ அப்படியே தூக்கி ஒரு கடையோட இணையப் பக்கத்துல போட்டால் என்னாகும்? 96 எம்.பி. தினம் ஒன்றரை ஜி.பி. பேக் போட்டிருக்கிற ஒருத்தர், சேலையை எட்டிப் பார்த்ததுக்கே கிட்டத்தட்ட நூறு எம்.பி. மொய் எழுதணும். யாரு பாஸ் எழுதுவா? சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும்போதே மூடிட்டு அடுத்த கடைக்குப் போயிடுவாங்க.

அந்த 96-ஐ ரெண்டரை எம்.பி.க்குள்ள கொண்டு வர்றதுதான் இந்த லீவுல நான் பார்த்த வேலை. கோயம்புத்தூர்ல மூணே பேர் இருக்கிற ஒரு வெப் டிசைன் ஆபீஸ்ல இன்டர்ன். கூடப் படிக்கிறவங்க பெங்களூரு, சென்னைன்னு போய் ஏ.ஐ., ரோபோன்னு ஸ்டேட்டஸ் போடும்போது, நான் "படத்தைச் சின்னதாக்குறேன்"னு சொன்னா எப்படி இருக்கும்? "இதுக்காடி ஈ.சி.இ. படிச்சே?"ன்னு ஒருத்தி கேட்டே விட்டாள். இருங்க, அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன்.

வாடிக்கையாளர் ஒரு அக்கா. நெகமம் பக்கத்துத் தறிகள்ல இருந்து காட்டன் சேலை வாங்கி ஆன்லைன்ல விக்கிறாங்க. நெய்றவங்க வீட்டுக்கே போய் மொபைல்லயே படம் எடுத்துடுவாங்க. ஆயிரத்துச் சொச்சம் படங்கள் வந்து இறங்கின. ஒவ்வொண்ணா திறந்து சின்னதாக்கினால் செமஸ்டரே முடிஞ்சிடும். அதனால 'இமேஜ்மேஜிக்'. ஜான் கிறிஸ்டி என்பவர் 1987-ல் டூபான்ட் நிறுவனத்தில் இருந்தபோது எழுதத் தொடங்கி, 1990-ல் எல்லோருக்கும் இலவசமாக விட்ட மென்பொருள். பட்டன், கலர் ஜன்னல் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில ஒரு வரி எழுதினால் ஃபோல்டர் முழுக்க வரிசையில நின்னு வேலை முடிச்சுட்டு வரும். இதுல 'மோக்ரிஃபை'னு ஒரு கட்டளை இருக்கு. ரொம்ப வசதி, ரொம்ப ஆபத்து. நாம வேற இடம் சொல்லலேன்னா, ஒரிஜினல் மேலேயே புதுசை எழுதிடும். போனது போனதுதான். அதனால எங்க ஆபீஸ்ல முதல் சட்டம்: ஒரிஜினலைத் தனியா காப்பி எடுத்து வெச்சுட்டுத்தான் அடுத்த பேச்சு.

சரி, நாலு எம்.பி. எப்படிங்க நூறு கே.பி. ஆகுது? அளவைக் குறைக்கிறது பாதி வேலை. 4000 புள்ளி அகலத்தை 1200 ஆக்கினாலே மொத்தப் புள்ளிகள் பதினொண்ணுல ஒரு பங்காயிடும். மீதி, ஜேபெக் செய்யும் மாயம். படத்தை எட்டுக்கு எட்டு கட்டங்களா வெட்டி, ஒவ்வொரு கட்டத்துல இருக்கிற 64 எண்களையும் கொசைன் அலைகளா மாத்திடும். அதுல கண்ணுக்குச் சட்டுனு தெரியாத நுணுக்கமான அலைகளை ரவுண்டு பண்ணி பூஜ்யமாக்கி வெளியே தள்ளிடும்.

இந்தக் கொசைன் வித்தை யாரோடது தெரியுமா? பெங்களூருல பிறந்த நாசிர் அகமது. 1972-ல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, இதை ஆராய அந்நாட்டு தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கலை! மனுஷன் விடலை. 1974 ஜனவரியில் நடராஜன், கே.ஆர். ராவ் ரெண்டு பேரோட சேர்ந்து கட்டுரையா வெளியிட்டார். இதுல ராவ் யாருன்னா, 1952-ல் நம்ம கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்ல படிச்சு முடிச்சவர். 1992-ல் ஜேபெக் தரநிலையா வந்தபோது உள்ளே இருந்தது இவங்க மூணு பேர் கணக்குதான். நீங்க அனுப்புற குட்மார்னிங் ரோஜாப்பூ வரைக்கும் கிண்டி வாசனை அடிக்குது மக்களே!

ஆனா ஒரு சிக்கல். 'கண்ணுக்குத் தெரியாது'ன்னு ஜேபெக் நினைக்கிறது, சேலை வாங்குற கண்ணுக்கு நல்லாவே தெரியும். நம்ம கண் வெளிச்ச வித்தியாசத்தைக் கூர்மையா பார்க்கும். நிற வித்தியாசத்துல கொஞ்சம் மந்தம். அதனால பெரும்பாலும் நிறத் தகவல்ல நாலுல ஒரு பங்கை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை விட்டுடுவாங்க. மலை, கடல், செல்ஃபிக்கு ஓகே. மாம்பழ மஞ்சள் உடம்புல மெல்லிசா ஒரு சிவப்புக் கோடு ஓடுற கரைக்கு? கோடு பக்கத்துல இருக்கிற மஞ்சளோட கசிஞ்சு, சாயம் போன மாதிரி தெரியும். நெய்தவர் அந்த ஒரு கோட்டுக்காகத் தனியா நூல் கோத்திருப்பார். கரை தெரியுற படங்களுக்கு மட்டும் நிறத்தை முழுசா வைக்கச் சொல்லி ஒரு அமைப்பு இருக்கு. வெயிட் கொஞ்சம் கூடும். பரவாயில்லைன்னு முடிவு பண்ணினோம்.

அடுத்து கட்டம் போட்ட சேலைகள். சோதனைக்காகச் சில படங்களைச் சட்டுனு சின்னதாக்கிக் காட்டினோம். அக்கா உத்துப் பார்த்துட்டு, "ஏங்கண்ணு, சேலை என்னமோ அலையடிக்குதே?"ன்னாங்க. நிஜமாவே, இல்லாத வளைவுக் கோடுகள் பொடிக் கட்டத்து மேல நெளிஞ்சு ஓடுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம்! (வாடிக்கையாளர் முன்னாடி சிரிக்கக் கூடாதுன்னு அடக்கிக்கிட்டேன்.) ஏன்னா, நாலாவது செமஸ்டர்ல 'அலையாசிங்'னு போர்டுல வரைஞ்சு, நைக்விஸ்ட் விதியைச் சொல்லி, பதிமூணு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ணினது இதுதான். நுணுக்கமான அலையை அதுக்குப் போதாத புள்ளிகள்ல பிடிச்சால் வேற ஏதோ பொய் அலை பிறக்கும். மருந்தும் அதே பாடத்துல இருக்கு: குறைக்கிறதுக்கு முன்னாடி வடிகட்டணும். அதாவது புள்ளிகளை அப்படியே தூக்கி எறியாம, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைச் சேர்த்துக் கணக்குப் போடுற 'லான்சோஸ்' மாதிரி ஒரு முறையில சின்னதாக்கினோம். அலை போச்சு. கட்டம் கட்டமாவே நின்னுச்சு. (ஏய் தோழி, ஈ.சி.இ. இதுக்குத்தான்!)

நிறம்தான் நிஜமான தலைவலி. அக்காவுக்கு முன்னாடி யாரோ செஞ்சு கொடுத்த சைட் ஒண்ணு இருந்துச்சு. அதைப் பார்த்து ஒரு பொண்ணு, வளைகாப்புக்கு மேட்ச் பண்ணி சேலை வாங்கி, மறுநாளே திருப்பி அனுப்பிட்டாள். "அந்தப் புள்ளையச் சொல்லித் தப்பில்ல கண்ணு. படத்துல செங்கல் கலரு, பொட்டியப் பிரிச்சா அரக்கு. நானா இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பிருப்பேன்" என்றார் அக்கா. போக வர கூரியர் காசு அக்கா தலையில. இப்படி நாலு சேலை திரும்பினால் அடுத்த வாரம் தறிக்கு ஆர்டர் குறையும்.

அந்தப் பழைய படத்தை நோண்டினோம். எடுத்தது ஐபோன். 2016-ல் வந்த ஐபோன் 7-ல இருந்தே அது 'டிஸ்ப்ளே பி3'ங்கிற அகலமான நிற எல்லையில படம் எடுக்குது. இணையத்துல பொதுவா புழங்குறது 'எஸ்.ஆர்.ஜி.பி.'. இந்தப் படம் எந்த எல்லைன்னு சொல்ற சீட்டு ஒண்ணு ஃபைலுக்குள்ளயே இருக்கும். வெயிட் குறைக்கிறேன்னு அந்தச் சீட்டையும் சேர்த்துப் பிடுங்கிட்டாங்க. சீட்டு இல்லாத படத்தைப் பிரவுசர் சாதா படம்னு எடுத்துக்கிச்சு. அரக்கு வெளுத்துப் போச்சு. ஸோ, முதல்ல எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாத்தணும், அப்புறம்தான் சீட்டைக் கிழிக்கணும். வரிசை மாறினால் சேலை திரும்பி வந்துடும்.

கிழிக்காமலேயே விட்டுடலாமேன்னு கேட்கிறீங்களா? கூடாது. அதே ஃபைலுக்குள்ள, எடுத்த இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும் (போன்ல லொகேஷன் ஆன்ல இருந்தால்). 2012 டிசம்பர்ல ஜான் மெக்காஃபி போலீசுக்குத் தெரியாம மறைஞ்சு திரிஞ்சப்போ, ஒரு பத்திரிகை போட்ட அவர் போட்டோவுக்குள்ள இருந்த இந்த எண்கள்தான் அவர் குவாத்தமாலாவுல இருக்கிறதைக் காட்டிக் கொடுத்துச்சு. இங்கே படம் எடுத்தது நெசவாளர் வீட்டுத் திண்ணையில. ஒரு படத்தை மேப்ல போட்டுக் காட்டினதும் அக்கா முகம் மாறிடுச்சு. "ஐயோ, அது வயசான அம்மாவும் பேத்தியும் மட்டும் இருக்கிற வீடு கண்ணு." முதல்லயே எல்லாப் படத்துலயும் அதை எடுத்துட்டோம். உங்க ஹாஸ்டல் ரூம் படத்துக்கும் இதே கதைதான். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினால் இது நீங்கிடும், தரமும் குறைஞ்சிடும். டாக்குமென்டா அனுப்பினால் தரமும் இருக்கும், இடமும் கூடவே போகும்.

மத்ததெல்லாம் சில்லறை வேலைகள். 'ஐ.எம்.ஜி. 4471'னு இருக்கிற ஃபைலுக்குச் சேலையோட பேரை வெச்சோம். பார்வையில்லாதவங்களுக்காக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி விளக்கம் எழுதினோம். அதை மட்டும் மெஷின்கிட்ட விடலை. "பச்சைத் துணி"ன்னு அது சொல்லும். அது கிளிப்பச்சையா ராமர் பச்சையான்னு அக்காதான் சொல்லணும். எம்.எஸ். ப்ளூ, ஆனந்தா ப்ளூ, மயில் கழுத்துன்னு ஒரு மதியம் முழுக்கப் பாடம் நடந்துச்சு. எனக்கு அந்த லீவுலயே பிடிச்ச மதியம்.

கட்டளை ஓட ஆறு நிமிஷம். அதுக்கப்புறம் வந்த ஆயிரத்துச் சொச்சம் படங்களையும் சேலைக்குப் பக்கத்துல வெச்சுக் கண்ணால பார்க்க நாலு நாள். எல்லாம் அடங்கிடுச்சு, வாடாமல்லி தவிர. வெள்ளைத் தாள் வெச்சு எடுத்தோம், வெயில்ல எடுத்தோம், நிழல்ல எடுத்தோம். ஊஹூம், திரைக்குள்ள வரவே மாட்டேங்குது. கடைசியில அக்காவே சொல்லி, அந்த ஒன்பது சேலைக்குக் கீழே மட்டும் ஒரு வரி சேர்த்தோம்: 'நேரில் இன்னும் கொஞ்சம் ஆழமா இருக்கும்.'