தீக்குச்சித் தண்டவாளமும் தலைமன்னார் கோச்சியும்

ஹெந்தளையில் தண்டவாளம் கிடையாது. எங்களூருக்கு வாய்த்தது தண்ணீர்தான். 1802 இல் ஆங்கிலேயர் வெட்டத் தொடங்கிய ஹமில்டன் கால்வாய் எங்கள் பக்கத்தால்தான் நீர்கொழும்புக் களப்புக்குப் போகிறது. கோச்சி பிடிக்க வேண்டுமானால் ஹுணுப்பிட்டிக்கோ ராகமைக்கோ ஓட வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் வளரும் என் மூத்த மகனுக்கு இரண்டு வருடங்களாக ரயில் பைத்தியம். மட்டை, ரிஜிபோம், பசை, தீக்குச்சி என்று கையில் கிடைப்பதையெல்லாம் ரயிலாக்குகிறான்.

மேல்நாடுகளில் இது வயதானவர்களின் பொழுதுபோக்கும்கூட. இங்கிலாந்தில் பிராங்க் ஹோர்ன்பி என்பவர் 1920 இல் விளையாட்டு ரயில்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து பலர் வீட்டின் ஓர் அறையையே ரயில் பாதைக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். டோஹாவிலிருக்கும் என் தம்பி அப்படியொரு பெட்டி வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டார். விலையைக் கேட்டதும் வேண்டாம் என்றேன். ஆச்சரியம் என்னவென்றால், மகனும் வேண்டாம் என்றான். அவனுடைய காரணம் வேறு. “அது நம்மட பாதை இல்ல உம்மா” என்றான்.

கணக்குப் பார்த்தால் அவன் சொன்னது சரி. ஐரோப்பாவில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1435 மில்லிமீற்றர். அதை 87 இல் ஒரு பங்காக்கித்தான் கடைகளில் 16.5 மில்லிமீற்றர் பாதை விற்கிறார்கள். நம் நாட்டிலோ ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். நம் பாதை அகலம். அந்தப் பாதையில் நம் பெட்டியை வைத்தால் பெரிய ஆளுக்குச் சின்னச் செருப்பு மாட்டியதுபோல் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் நூறில் ஒரு பங்காகச் செய்தால் இடைவெளி ஏறக்குறைய பதினேழு மில்லிமீற்றர் வரும், கணக்கும் சுலபமாகும். வெளியே ஒரு மீற்றர் என்றால் மேசையில் ஒரு சென்றிமீற்றர். ஒன்பதடி நீளமான மரச் சிலிப்பர் இரண்டே முக்கால் சென்றிமீற்றராகும். தலையை வெட்டிய தீக்குச்சி அதற்குப் போதும். ஒரு மீற்றர் பாதைக்கு நூற்றைம்பது குச்சிகள்! எங்கள் அடுப்படியில் நெருப்புப் பெட்டி தங்காத மர்மம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எந்த நிலையத்தைச் செய்வது என்ற பேச்சு வந்தபோதுதான் என் உம்மா வாய் திறந்தார். “மன்னார் ஸ்டேசனைச் செய் மகன்.”

உம்மாவின் ஊர் எருக்கலம்பிட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசல் இழந்தார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்திறங்கியவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. அதே வருடம் மன்னார்ப் பாதையில் ரயிலும் நின்றுபோனது. பிறகு போரில் தண்டவாளங்கள் கழற்றப்பட்டன. சிலிப்பர்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. உம்மாவிடம் அந்த நிலையத்தின் ஒரு போட்டோகூட இல்லை. இருப்பது ஞாபகம் மட்டும்தான்.

“கழுதையும் வைக்க வேணும், மன்னாரில் கழுதை இல்லாத தெருவா?” என்று உம்மா சொன்னதும் என் கணவர் தயங்கினார். உயிருள்ளவற்றின் உருவம் செய்வது பற்றி அவருக்குப் பேணுதல் அதிகம். அதனால்தான் மகனின் மேடைகளில் ஆட்கள் இருப்பதில்லை. ஒரு குடை, ஒரு தகரப் பெட்டி, சாத்தி வைத்த ஒரு சைக்கிள், அவ்வளவுதான். எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஆட்கள் இப்போதுதான் எழுந்து போனதுபோல் தோன்றும். உம்மா விடவில்லை. ஆயிஷா நாயகி (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொருட்களில் சிறகுள்ள குதிரை இருந்ததையும், அதைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் எடுத்துச் சொன்னார். சிறு பிள்ளைகளின் விளையாட்டுக்கு மட்டும் உள்ள சலுகை அது என்றார் இவர். கழுதை விவகாரம் இன்னும் தீரவில்லை.

சென்ற பாடசாலை விடுமுறையில் மூன்று தலைமுறையும் புறப்பட்டோம். இடம் பிடிப்பதற்காகக் கோட்டைக்கே போய் ஏறினோம். பொல்காவலை, மாகோ, அநுராதபுரம் எல்லாம் வழக்கமான பயணம்தான். மதவாச்சியில் பாதை இடப்பக்கம் பிரிந்ததும் உம்மா ஜன்னலோரம் வந்துவிட்டார். இந்தியாவின் இர்கொன் நிறுவனம் திரும்பப் போட்ட பாதை இது. மடு வரை 2013 இலும், தலைமன்னார் வரை 2015 மார்ச்சிலும் திறக்கப்பட்டது. மதவாச்சியிலிருந்து துறைவரை சுமார் 106 கிலோமீற்றர். நூறில் ஒரு பங்காக்கினாலும் ஒரு கிலோமீற்றரைத் தாண்டும். ஆகவே எதை விடுவது என்பதுதான் இந்தக் கலையில் பாதி வேலை. முருங்கன் வயல்களை மகன் விட்டுவிட்டான். கடலைக் கடக்கும் பாலத்தை விட மனமில்லை.

முதலில் துறைக்கே போனோம். 1914 இல் இங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல் தொடங்கியது. கோட்டையில் ஏறியவர் மறுகரையில் சென்னை ரயிலைப் பிடிக்கலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இப்போது கலங்கரை விளக்கும், கடலுக்குள் நிற்கும் பழைய இறங்குதுறையின் மிச்சமும்தான் காவல். மகன் அவற்றைப் படம் வரைந்துகொண்டான். உம்மா அதிகம் பேசவில்லை.

திரும்பும் வழியில் மன்னார் நிலையம். புதுக் கட்டடம், புது மேடை. உம்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது இல்ல” என்றார்.

மகன் அளவு நாடாவை மடித்து வைத்துவிட்டான். கொப்பியில் நடுவே ஒரு கோடு கிழித்து, ஒரு பக்கம் ‘இப்போது’ என்றும் மறுபக்கம் ‘உம்மும்மா’ என்றும் எழுதினான். “வாசலிலிருந்து தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரம் உம்மும்மா?”

“இருபத்திரண்டு எட்டு. எத்தனை தரம் நடந்திருப்பேன்!”

எட்டின் நீளம் தெரிய வேண்டுமே. உம்மாவை மேடையில் நடக்கவிட்டு அளந்தான். ஐம்பது சென்றிமீற்றர்கூட வரவில்லை. உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “அது முழங்கால் வருத்தத்துக்கு முந்தின கணக்கு. அப்ப உன் உம்மாவை இடுப்பில வெச்சிக்கிட்டே இதைவிட வேகமா நடப்பேன்.”

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி நடந்தார். இம்முறை அறுபது. மகன் பெருக்கிப் பார்த்து, ‘உம்மும்மா’ என்ற பக்கத்தில் எழுதினான்: வாசலிலிருந்து குழாய்க்குப் பதின்மூன்று சென்றிமீற்றர்.