கொடுத்து நிறுத்து

படகில் ஏறுகிறவர்கள் சுக்கான் அறையை எட்டிப்பார்த்து வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இதை ஓட்டுறது ரொம்பக் கஷ்டமாண்ணே?” ஓட்டுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. இன்ஜினை முன்னுக்குப் போட்டு, சுக்கானை நேராகப் பிடித்தால் அது பாட்டுக்குப் போகும். கஷ்டமெல்லாம் ஜெட்டி பக்கத்தில் வந்த பிறகுதான். சாலையில் ஓடும் பஸ்ஸுக்குப் பிரேக் இருக்கிறது. சக்கரம் தார்ச்சாலையைப் பற்றிக்கொண்டு நிற்கும். படகுக்குப் பற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? இன்ஜினை அணைத்தாலும் 300 டன் இரும்பு வந்துகொண்டேதான் இருக்கும். தண்ணீரின் உராய்வு வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும். அதுவரை ஜெட்டி காத்திருக்காது.

போர்ட் பிளேயரில் லாஸ்கராகக் கயிறு பிடித்து, பிறகு சுக்கான் பிடித்து, கடைசியில் படகை நடத்தும் சாரங் ஆனவன் நான். ஊருக்கு 2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். எங்கள் வாயில் அது இன்னும் சரளமாக வரவில்லை. சாத்தமிலிருந்து பாம்பூ ஃபிளாட்டுக்குப் போகும் வண்டிப் படகிலும், ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து ஹேவ்லாக், நீல் தீவுகளுக்குப் போகும் பயணிகள் படகிலும் வேலை செய்திருக்கிறேன். நியூட்டனின் விதிகளைப் பள்ளியில் மனப்பாடம் செய்தேன். அவை எதைப் பற்றியவை என்று தெரிந்தது கயிற்றைக் கையில் பிடித்த பிறகுதான்.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் படகின் சாரங் ராமநாதபுரம் பக்கத்துக்காரர், வயதானவர். ஜெட்டி நெருங்கும்போது கயிற்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கும் பையன்களைப் பார்த்தால் மேலேயிருந்து கத்துவார்: “டேய் தம்பி, புடிச்சு நிறுத்தாதடா. குடுத்து நிறுத்து!” இந்தத் தொழிலில் நான் கற்ற மற்ற எல்லாமே அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய உரைதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 டன் படகு இரண்டு நாட் வேகத்தில் ஜெட்டியை நெருங்குகிறது. நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒரு கிழவர் நடக்கிற வேகம். அதைப் பத்து நொடியில் நிறுத்தினால் படகு ஐந்து மீட்டர் நகர்ந்து நிற்கும். அதற்குத் தேவையான விசை சுமார் மூன்று டன் எடைக்குச் சமம். அதே படகு அரை நொடியில் நிற்க வேண்டுமென்றால்? விசை 60 டன். கால் மீட்டருக்குள் கதை முடிந்துவிடும். ஜெட்டித் தூணோ, படகின் தகடோ, டெக்கில் நிற்பவரின் முழங்காலோ ஏதாவது ஒன்று உடையும். படகு கொண்டுவந்த உந்தம் இரண்டிலும் ஒன்றுதான். கடனைத் தவணையில் கேட்டால் குடும்பம் தாங்கும், ஒரே நாளில் கேட்டால் முறியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

பள்ளிப் புத்தகத்தில் இரண்டாம் விதியை ‘விசை = நிறை × முடுக்கம்’ என்று சுருக்கிக் கொடுத்திருப்பார்கள். 1687-இல் வெளிவந்த பிரின்சிப்பியாவில் நியூட்டன் அப்படி எழுதவில்லை. இயக்கத்தில் உண்டாகும் மாற்றம், கொடுக்கப்பட்ட விசையைப் பொறுத்தது என்றுதான் எழுதினார். இயக்கம் என்று அவர் சொன்னது நிறையும் வேகமும் சேர்ந்த அளவை. படகுக்காரனுக்கு இந்த வடிவம்தான் வசதி. முடுக்கத்தை நான் கண்ணால் பார்ப்பதில்லை. எவ்வளவு இயக்கம் மிச்சம் இருக்கிறது, அதைத் தீர்க்க எத்தனை நொடி கையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறேன்.

ஜெட்டியின் ஓரத்தில் பழைய லாரி டயர்களைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். சுற்றுலா வருபவர்கள் அவற்றைக் குப்பை என்று நினைத்து முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு அவை விலைக்கு வாங்க முடியாத அரை நொடி. டயர் நசுங்க எடுத்துக்கொள்ளும் நேரம் மோதலின் நேரத்தோடு சேர்கிறது, விசை குறைகிறது. பக்கவாட்டில் ஒதுங்கும்போது இது இன்னும் முக்கியம். படகு பக்கவாட்டில் நகர்ந்தால் ஒட்டியிருக்கும் தண்ணீரும் கூடவே நகரும். படகு நின்றாலும் அந்தத் தண்ணீர் உடனே நிற்காது, வந்து தள்ளும். புதிதாகச் சுக்கான் பிடிப்பவர்கள் படகின் எடையை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு முதல் பாடத்தை அந்தத் தண்ணீர் நடத்தும்.

இனி கயிறு. முதலில் நுனியில் குண்டு முடிச்சுப் போட்ட மெல்லிய வீச்சுக் கயிற்றை எறிகிறோம். ஜெட்டியில் இருப்பவர் அதைப் பிடித்து, பின்னால் வரும் தடித்த கயிற்றை இழுத்து, அதன் வளையத்தைப் பொல்லார்டு என்னும் கட்டுத்தூணில் மாட்டுவார். படகில் நிற்கும் லாஸ்கர் மறுமுனையைப் படகின் இரட்டைப் பொல்லார்டில் சுற்றிப் பிடிக்கிறார். மூன்று டன் விசையை ஒரு மனிதன் எப்படிப் பிடிக்க முடியும்? உராய்வால் முடியும். கயிறு இரும்பைச் சுற்றும் ஒவ்வொரு முழுச் சுற்றுக்கும் பிடி ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது. இரண்டு சுற்றுக்கு 25 மடங்கு, மூன்று சுற்றுக்கு 125. கையில் 25 கிலோ இழுப்பில் பிடித்தாலே மறுபக்கம் மூன்று டன்னுக்கு மேல். 18-ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் இதைக் கணக்காக எழுதி வைத்தார். எங்கள் ஆட்களில் எவரும் அவர் பெயரைக் கேட்டதில்லை. ஆனால் எண்ணெய் பட்ட கயிறு என்றால் ஒரு சுற்றுக் கூடப் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

சுற்று போட்டபின் இறுக்கிப் பிடித்தால் கயிறு விறைத்து, படகு வெடுக்கென்று நிற்கும். நல்ல லாஸ்கர் பிடியைக் கொஞ்சம் தளர்த்துவார். கயிறு பொல்லார்டில் முனகிக்கொண்டே வழுக்கும், சூடாகும், சில சமயம் புகைகூட வரும். வழுக்குகிற ஒவ்வொரு அடியும் படகின் வேகத்தைக் கொஞ்சம் வெப்பமாக்கிவிடுகிறது. சாரங் சொன்ன ‘குடுத்து நிறுத்து’ இதுதான். டெக்கில் இதற்கு இரண்டே கட்டளைகள்: ‘ஹபேஸ்’ என்றால் இழு, ‘ஆரியா’ என்றால் விடு. தமிழனும் வங்காளியும் தெலுங்கனும் மலபார் மாப்பிள்ளையும் கலந்து நிற்கும் அந்தமான் டெக்கில் இந்த இரண்டுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டாம்.

கயிற்றின் சாதியும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் தென்னை நார்க் கயிறு. அது மிதக்கும், நன்றாக நீளும். பெரிய கப்பல்களைக்கூட அலையடிக்கும் இடத்தில் கட்ட அதன் இழுபடும் குணத்துக்காகவே வைத்திருந்தார்கள். இந்த ஊரில் நார்க் கயிற்றைச் சும்மா கடந்துபோக முடியாது. 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையில் கைதிகளுக்குக் கொடுத்த தண்டனை வேலைகளில் ஒன்று தேங்காய் மட்டையை அடித்து நாராக்கிக் கயிறு திரிப்பது.

இன்று நைலான். தன் நீளத்தில் கால் பங்குக்கு மேல் நீண்டு கொடுக்கும். அதனால் படகை மென்மையாக நிறுத்தும். ஆபத்தும் அதே குணத்தில்தான். நீண்ட கயிறு ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கிறது. அறுந்தால் அந்த ஆற்றல் முழுவதும் கயிற்றின் நுனியில் வந்து, அது இழுபட்டிருந்த கோட்டிலேயே திரும்பிச் சீறும். கண் இமைக்க நேரம் இருக்காது. கால் எலும்பை முறிக்கும், உயிரையும் எடுக்கும். விறைத்த கயிற்றின் நேர்கோட்டில் யாரையும் நிற்க விடாதது அதனால்தான். பயணிகளுக்கு எங்கள் கத்தல் முரட்டுத்தனமாகத் தெரிவதும் பெரும்பாலும் அந்த நிமிடத்தில்தான்.

மேலே சுக்கான் பிடிப்பவருக்கு வேறொரு சிக்கல். சுக்கான் திரும்பினால் மட்டும் படகு திரும்பாது. அதன் மேல் தண்ணீர் பாய வேண்டும். மெதுவாக வந்தால் சுக்கான் செத்துப்போகும், வேகமாக வந்தால் நிற்காது. அதனால் மெதுவாக வந்து, நடுநடுவே இன்ஜினை ஒரு தட்டு முன்னுக்குப் போட்டு, படகின் அடியில் சுழலும் விசிறி தள்ளும் தண்ணீரைச் சுக்கானில் அடிக்க விட்டு, உடனே எடுத்துவிடுகிறோம். படகு வேகம் பிடிப்பதற்குள் திரும்பிவிடும். விசிறி தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தண்ணீர் படகை முன்னுக்குத் தள்ளுகிறது. மூன்றாம் விதி, எல்லோருக்கும் தெரிந்ததுதான். விசிறி தண்ணீரைக் கொஞ்சம் பக்கவாட்டிலும் தள்ளுகிறது என்பதைப் பள்ளியில் சொல்வதில்லை. வலப்பக்கமாகச் சுழலும் ஒற்றை விசிறிப் படகில் இன்ஜினைப் பின்னுக்குப் போட்டால் படகின் பின்பக்கமான அமரம் இடது பக்கம் ஒதுங்கும். ஆகவே இடது பக்கத்தை ஜெட்டிக்குக் கொடுத்து, முன்பக்கமான அணியத்தைச் சற்றுச் சாய்த்து நுழைத்து, பின்னுக்குப் போட்டால், படகும் நிற்கும், அமரமும் தானாக ஜெட்டிக்கு வரும். வலது பக்கம் ஒதுங்கச் சொன்னால் அதே சாரங்குக்கு வியர்க்கும்.

முதல் விதியைப் பார்க்க வேண்டுமென்றால் பாம்பூ ஃபிளாட் படகுக்கு வாருங்கள். அணியப் பலகையைக் கரைச் சரிவில் இறக்கி வைத்துவிட்டு, இன்ஜினை முன்னுக்கே ஓடவிட்டிருப்போம். அடியில் தண்ணீர் கொதிக்கும், டெக் அதிரும். படகு ஓர் அங்குலம் நகராது. விசிறியின் தள்ளலும் கரையின் எதிர்த்தள்ளலும் சமம். எதுவும் நகரவில்லை என்பதால் அங்கே விசை இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான கட்டடங்களும் பாலங்களும் இப்படித்தான் நிற்கின்றன, சத்தம் மட்டும் இல்லை.

இன்ஜினை ஏன் ஓடவிட வேண்டும்? 15 டன் லாரி இறங்கும்போது பார்த்தால் புரியும். லாரி முன்னால் பாய வேண்டுமென்றால் அதன் சக்கரங்கள் டெக்கைப் பின்னால் தள்ள வேண்டும். ஓட்டுநர் நான்கு நொடியில் நொடிக்கு இரண்டு மீட்டர் வேகம் எடுத்தால், படகு முக்கால் டன் விசையில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இன்ஜின் தள்ளாவிட்டால் படகு விலகி, லாரியின் முன்சக்கரம் கரையிலும் பின்சக்கரம் படகிலுமாக நிற்கும். அதனால் ஓட்டுநர்களிடம் சொல்வோம்: “பைய எடுங்கண்ணே, ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீங்க.” டோங்கி என்னும் சிறு படகிலிருந்து கரைக்குத் துள்ளுகிற இளைஞர்கள் தண்ணீரில் விழுவதும் இதே கணக்கில்தான். டோங்கி இலேசானது, அதிகமாகப் பின்வாங்கும்.

காற்றை ஒரே வரியில் முடித்துவிடலாம்: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. கச்சான் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை படகுகள் ரத்தாவதைத் திட்டுபவர்கள் இந்தப் பெருக்கலை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம்.

ஏற்ற வற்றம் அப்படி அல்ல. அது எங்கள் நேரத்தையே ஆள்கிறது. நிலவும் சூரியனும் இழுப்பதால்தான் கடல் ஏறி இறங்குகிறது என்று விளக்கியவரும் அதே நியூட்டன்தான், அதே நூலில்தான். போர்ட் பிளேயரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல்மட்டம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஏறி இறங்கும். ஏற்றத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுத் தூங்கப் போனால், வற்றத்தில் படகு இறங்க முடியாமல் கயிற்றில் தொங்கும். இரவுக் காவலில் இருப்பவரின் வேலை பாதி இதுதான்: ஆரியா, ஹபேஸ், ஆரியா.

2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கணக்கே மாறியது. அன்றைய நிலநடுக்கத்தில் போர்ட் பிளேயர் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. பக்கத்திலுள்ள சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் ஏறி, அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே டிக்லிபூர் பக்கம் நிலம் உயர்ந்து, பவளப்பாறைகள் வெளியே வந்து காய்ந்தன. ஜெட்டி ஒரு மீட்டர் தாழ்ந்தால் கயிறு போகும் கோணம் மாறுகிறது, டயர் தொங்கும் உயரம் மாறுகிறது, பயணி கால் வைக்கும் படி மாறுகிறது. கை பழகியிருந்ததையெல்லாம் கண்ணால் பார்த்து மறுபடி செய்ய வேண்டியிருந்தது.

நிக்கோபார் மக்களின் ஹோடி படகைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. ஒல்லியான மரப்படகு, ஒரு பக்கம் நீட்டிய கழிகளில் கட்டிய மிதவை. மிதவைப் பக்கம் சாய்ந்தால் தண்ணீர் அதை மேலே தள்ளும். மறுபக்கம் சாய்ந்தால் மிதவையின் எடை கீழே இழுக்கும். கழியின் நீளம் சிறிய எடைக்கும் பெரிய திருப்புவிசை கொடுக்கிறது. என்னைக் கேட்டால் எங்கள் ஃபைபர் படகுகளைவிட அறிவுள்ள வடிவம் அதுதான். எங்கள் படகுகளுக்கு மிதவை இல்லை. அடிப்பகுதியின் அகலத்தையும் ஆட்கள் உட்காரும் இடத்தையும் நம்பித்தான் அவை நிமிர்ந்து நிற்கின்றன. ஆட்கள் எழுந்தால் எடைமையம் உயரும். எல்லோரும் ஒரு பக்கம் போனால் அது ஓரத்துக்குப் போகும். அளவுக்கு மேல் ஏறினால் படகின் விளிம்பு தண்ணீருக்கு நெருங்கும், சாய்ந்தால் நிமிர இடமிருக்காது.

2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேயர் அருகே ராஸ் தீவுக்கும் நார்த் பேவுக்கும் இடையே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. அனுமதித்த எண்ணிக்கையைவிட மிக அதிகமானோர் அதில் இருந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வருகிறவர்களுக்கு ஒரு படகுக்காரனாகச் சில வார்த்தைகள். கயிறு கட்டி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள். நிற்க வேண்டியிருந்தால் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்கள். படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவே கையையும் காலையும் நீட்டாதீர்கள். விறைத்த கயிற்றின் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். டால்பின் தெரிந்தால் இருந்த இடத்திலிருந்தே பாருங்கள். ஏறும் முன் எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள். ஏற்கெனவே அத்தனை பேர் உள்ளே இருந்தால், பணம் கொடுத்திருந்தாலும், அடுத்த படகில் வாருங்கள்.