மரவட்டை உண்டாக்கிய மண்

கென்யாவின் மொம்பாசா தீவிலிருந்து நியாலி பாலத்தைக் கடந்து, மாலிந்தி செல்லும் சாலையில் வடக்கே போனால் பம்புரி சிமெண்ட் ஆலையை ஒட்டி ஹாலர் பூங்கா வருகிறது. அடர்ந்த மரநிழல், குளங்கள், குரங்குகள், ஒட்டகச்சிவிங்கிகள் என்று கண்முன் விரிவது காடு. காலடியில் இருப்பதோ, சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்பட்ட குவாரியின் அடித்தளம்.

இந்தக் கடற்கரையின் சுண்ணாம்புக்கல், பழங்காலத்தில் கடல்மட்டம் உயர்ந்திருந்தபோது வளர்ந்த பவளத்திட்டு. ஆலை 1954இல் இயங்கத் தொடங்கியது. மேல்மண்ணும் அதில் நின்ற செடிகொடிகளும் அகற்றப்பட்டு, பாறை வெட்டப்பட்டது. நிலத்தடி நீரைத் தொடும் ஆழம் நெருங்கியதும் வெட்டுவது நின்றது. மிஞ்சியது வெண்ணிறப் பாறைத்தளம். மண் இல்லை, நிழல் இல்லை. கீழே ஊறிய நீரும் உவர்நீர். விதை தானாக வந்து விழுந்தாலும் முளைத்து நிற்க அங்கே வழியில்லை.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வேளாண் வல்லுநர் ரெனே ஹாலர் 1971இல் இந்தப் பாறையில் மரம் வளர்க்கும் வேலையைத் தொடங்கினார். 26 வகை மரங்களை நட்டுப் பார்த்ததில் சவுக்கு, கோனோகார்பஸ், தென்னை ஆகிய மூன்றே பிழைத்தன. அவற்றில் வேகமாக வளர்ந்தது சவுக்கு. தமிழகக் கடலோர மணலில் அது வளரும் காரணமே அங்கும் பொருந்தியது. உப்பையும் வறட்சியையும் தாங்கும் மரம் அது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. மண்ணே இல்லாத இடத்தில் உரத்தைத் தன்னோடு கூட்டி வரும் மரம்தான் முதலில் நிற்க முடியும்.

சில ஆண்டுகளில் சவுக்கு தோப்பாகிவிட்டது. ஆனால், தோப்பு காடாகவில்லை. ஊசி ஊசியாக உதிர்ந்த சருகு மெத்தைபோல் குவிந்து, மட்காமல் அப்படியே கிடந்தது. அதில் துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. அதைச் சிதைக்கும் பாக்டீரியாவும் பூஞ்சையும் பாறைத்தளத்தில் போதிய அளவில் இல்லை. மரம் எடுத்த சத்து சருகிலேயே முடங்கியது. சுரங்கநிலத்தில் மரம் நடும் பல திட்டங்கள் இந்தக் கட்டத்தோடு நின்றுவிடுகின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் பச்சை. கீழே குனிந்து பார்த்தால் உயிரில்லை.

முட்டுக்கட்டையை நீக்கியது செங்கால் மரவட்டை. கிழக்கு ஆப்பிரிக்கக் கடலோரத்தில் எங்கும் ஊரும் பெரிய மரவட்டை அது. காய்ந்த சவுக்கு ஊசிகளை அது தின்பதை ஹாலர் கவனித்தார். சுற்றுவட்டாரத்திலிருந்து நூற்றுக்கணக்கான மரவட்டைகளைச் சேகரித்துக் கொண்டுவந்து தோப்பில் விட ஏற்பாடு செய்தார். மரவட்டை சருகைக் கடித்துப் பொடியாக்கி, ஓரளவே செரித்து, சிறு உருண்டைகளாக எச்சமிடுகிறது. முழுச்சருகில் ஏற முடியாத நுண்ணுயிர்கள் அந்த உருண்டைகளில் எளிதாகப் பெருகி அவற்றை மட்காக்குகின்றன. மரவட்டையின் ஓடு கெட்டிப்படச் சுண்ணாம்பு தேவை. குவாரியில் அதற்கு ஏது பஞ்சம்! தின்னச் சருகும் ஒதுங்க நிழலும் கிடைத்ததால் அது பெருகியது. பாறைமேல் கறுத்த மட்கு படியத் தொடங்கியது. பூங்காவுக்கு வருபவர்கள் ஒட்டகச்சிவிங்கிக்குத் தீனி கொடுக்கும் மேடையை நாடிப் போகிறார்கள். ஆனால், இந்த இடத்தின் வரலாற்றில் முதல் மரியாதை மரவட்டைக்கே உரியது.

மட்கு சேர்ந்த பிறகுதான் அந்த மண்ணுக்குரிய மரங்களின் முறை வந்தது. முவுலே போன்ற ஆப்பிரிக்க வைரமரங்களும் கடலோரக் காட்டு இனங்கள் பலவும் சவுக்கின் நிழலில் நடப்பட்டன. பறவைகளும் பழந்தின்னும் வௌவால்களும் குரங்குகளும் தம் பங்குக்கு விதை கொண்டுவந்தன. சவுக்குக் கன்று நிழலில் எழும்பாது. ஆகவே, முதிர்ந்த சவுக்கைக் கழிக்கும் விறகுக்குமாக வெட்டிய இடங்கள் மற்ற மரங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. வழிவிட்டு விலகும் மரத்தை முன்னோடியாகத் தேர்ந்தது இந்தத் திட்டத்தின் பெரும்பலம்.

நிலத்தடி நீர் மேலேயே இருந்ததால் குளங்கள் அமைப்பது எளிதாயிற்று. நம்மூரில் ஜிலேபி மீன் எனப்படும் திலாப்பியா வளர்க்கப்பட்டது. மீன் தொட்டிகளின் கழிவுநீரிலுள்ள சத்தை ஆகாயத்தாமரை உறிஞ்சிக்கொண்டது. அதை அள்ளி உரமாக்கினார்கள். முதலை, நீர்யானை, ஈலாண்ட், ஓரிக்ஸ் என்று விலங்குகள் சேர்ந்தன. 1984இல் இயற்கை நடைபாதை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1987இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' விருது ஹாலருக்குக் கிடைத்தது. பூங்கா இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உலகம் இந்தப் பூங்காவை அறிந்தது ஒரு நீர்யானைக் குட்டியால். 2004 டிசம்பரில், தமிழகக் கரையையும் இலங்கையையும் சூறையாடிய அதே சுனாமி மாலிந்தி அருகிலும் கரையேறியது. கூட்டத்தைப் பிரிந்து கடலில் சிக்கிய குட்டியை மக்கள் மீட்டார்கள். ஓவன் என்று பெயரிடப்பட்டு இங்கே வந்த அது, ம்ஸே என்ற முதிய அல்டாப்ரா ஆமையோடு ஒட்டிக்கொண்டது. நெஞ்சைத் தொடும் கதைதான். என்றாலும், வேலிக்குள் தீனி போட்டு வளர்க்கும் பெருவிலங்குகளைக் கொண்டு வாழிடம் மீண்டதை அளக்கக் கூடாது. தானாக வந்து கூடுகட்டும் பறவையும் தானாக முளைத்த கன்றும்தான் அதற்கு அளவு.

இழந்தது எது என்பதை அறிய, அதே கடலோரத்தில் எஞ்சிய காடுகளுக்குப் போக வேண்டும். மிஜிகெண்டா மக்கள் புனிதமாகக் காத்துவரும் கயா காடுகள் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. வடக்கே அரபுக்கோ சொக்கோக்கே காட்டில் பொன்னிறப் பின்புறம் கொண்ட யானைமூக்குச் சுண்டெலியும் சொக்கோக்கே சிற்றாந்தையும் வாழ்கின்றன. நெடுங்காலம் கலையாத காட்டுத்தரையையும் அங்கேயே முதிர்ந்த மரங்களையும் நம்பி வாழும் இத்தகைய உயிர்களுக்கு, சில பத்தாண்டுகளே ஆன குவாரிக் காடு ஈடாகாது.