ஜப்பானியப் பள்ளியில் ஓர் ஆங்கில ஆசிரியர்

வெளிநாட்டு வேலை என்றதும் நம் வீடுகளில் சவூதி, துபாய், குவைத், சிங்கப்பூர் என்ற பெயர்களே இதுகாறும் அடிபட்டு வந்தன. ஜப்பான் என்றால் வானொலிப் பெட்டியும் மோட்டார் வண்டியும் நினைவுக்கு வருமேயன்றி, அங்கே சென்று வாத்தியார் வேலை பார்க்கலாம் என்பது நம்மில் பலருக்குத் தோன்றியிராது. ஆனால் வாசகரே, தென்பெண்ணைக் கரையிலுள்ள எங்கள் மணலூர்பேட்டை போன்ற சிற்றூர்களிலும் இன்று பட்டம் பெற்ற பிள்ளைகள் அவ்வேலையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியுள்ளனர். எங்கள் மத்ரஸாவில் மாலை வேளைகளில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், பிற்பாடு ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, ஜப்பானிய நகரம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் மூன்றாண்டுகள் பணியாற்றித் திரும்பினார். அவர் சொன்னவற்றைக் கேட்கக் கேட்க, நானும் பாடம் சொல்லிப் பிழைப்பவன் என்பதால், கேள்விகள் பெருகிக்கொண்டே போயின.

முதலில் அந்த வேலை இன்னதென்று தெரிந்துகொள்ளுங்கள். 1987-ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு அயல்நாட்டு இளைஞர்களை வரவழைத்துப் பள்ளிகளில் அமர்த்தும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. அவர்களுக்கு 'உதவி மொழி ஆசிரியர்' என்று பெயர். வகுப்பின் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியரிடமே இருக்கும். வந்தவர் அவருக்குத் துணை நிற்பார். அத்திட்டத்தில் 5 ஆண்டுகளுக்கு மேல் இருக்க இயலாது. 2011 முதல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளிலும் ஆங்கிலப் பயிற்சி கட்டாயமாயிற்று. 2020-இல் அது அவ்வகுப்புகளுக்கு முறையான பாடமாகி, பயிற்சி மூன்றாம் வகுப்புக்கே இறங்கி வந்தது. ஆள் தேவை பெருகவே, ஆசிரியர்களைத் திரட்டிப் பள்ளிகளுக்கு அனுப்பும் தனியார் நிறுவனங்களும் பெருகின. நம் மாணவர் சென்றது அத்தகைய ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான்.

காலையில் பள்ளிக்குள் நுழைந்ததும் காலணியைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு, உள்ளே அணியும் செருப்பை மாட்டிக்கொள்ள வேண்டும். பள்ளிவாசல் படியில் செருப்பை விடும் நமக்கு இது புதிதன்று. ஆசிரியர் அனைவருக்கும் ஒரே பெரிய கூடம். மேசைகளை ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருப்பார்கள். துணைத் தலைமையாசிரியர் முன்னால் அமர்ந்து அனைவரையும் பார்த்துக்கொண்டிருப்பார். மாலையில் வேலை முடிந்து புறப்படுகிறவர், 'உங்களுக்கு முன்னதாகப் போவது மரியாதைக் குறைவுதான், மன்னியுங்கள்' என்ற பொருளில் ஒரு வாசகம் சொல்லிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். தொடக்கத்தில் நம் மாணவர் பேசாமல் எழுந்து வந்துவிடுவாராம். கூடத்தில் ஒரு மௌனம் நிலவுமாம். யாரும் கடிந்துகொள்ளவில்லை. கடியாமலே திருத்துவது அவர்கள் வழக்கம் போலும்.

வகுப்பில் மணி அடித்ததும் ஒரு மாணவர் குரல் கொடுக்க, அனைவரும் எழுந்து, குனிந்து வணங்கி அமர்வர். பிறகு ஜப்பானிய ஆசிரியர் இலக்கணத்தைத் தம் மொழியில் விளக்குவார். நம்மவர் பாடத்தை உரக்க வாசிப்பார். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். சில நாட்கள் அதற்குமேல் ஒன்றும் இராது. 'ஹஜ்ரத், என்னை ஒரு டேப் ரெக்கார்டராக நிறுத்திவிட்டார்கள்' என்று அவர் கடிதத்தில் நொந்துகொண்டதுண்டு.

அப்பிள்ளைகளின் சிரமம் என்னவென்று பாருங்கள். அவர்கள் மொழியில் வாக்கியத்தின் முடிவில்தான் வினைச்சொல் வரும். 'வதாஷி வா காக்கோ நி இகிமாஸ்' என்றால் 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்று, வார்த்தைக்கு வார்த்தை நம் தமிழ் வரிசையிலேயே அமைந்துவிடும். ஆங்கிலமோ வரிசையைப் புரட்டிப் போடுகிறது. ஆங்கிலத்தின் 'ல'வுக்கும் 'ர'வுக்கும் அவர்கள் காதில் வேற்றுமையே இல்லை. ஆகவே, பிழை வந்துவிடுமோ என்றஞ்சி வாயைத் திறப்பதில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளை, 'உன் பெயர் என்ன' என்று ஆங்கிலத்தில் கேட்டால் தலை கவிழ்ந்து நிற்கும். இதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் மத்ரஸாவில் அரபியைத் தங்குதடையின்றி ஓதுகிற பிள்ளையிடம், ஓதியதில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள்!

அந்த வாய்ப்பூட்டு திறந்தது வகுப்பில் அன்று, சாப்பாட்டு வேளையில். மதிய உணவு பற்றிய சட்டம் அங்கே 1954-இலேயே வந்தது. வகுப்பறையே உணவுக்கூடம். முறைவைத்து மாணவர்களே வெள்ளை அங்கியும் தொப்பியும் அணிந்து பரிமாறுவார்கள். எல்லோருக்கும் தட்டு வந்த பின், நம் பிஸ்மில்லாஹ்வை நினைவூட்டுவது போல, 'பணிவுடன் பெற்றுக்கொள்கிறேன்' என்று பொருள்படும் சொல்லை ஒரே குரலில் சொல்லிவிட்டே உண்பார்கள். ஆசிரியரும் அவர்களோடு அதே உணவையே உண்பது வழக்கம்.

இங்கேதான் நம் பிள்ளைக்குச் சோதனை. பன்றி இறைச்சி வெளிப்படையாகத் தெரியும். குழம்பில் இனிப்புக்காகச் சேர்க்கும் 'மிரின்' என்ற அரிசி மதுவோ, கறிக்கட்டியிலுள்ள கொழுப்போ, இனிப்புப் பண்டத்திலுள்ள ஜெலட்டினோ கண்ணுக்குத் தெரியாது. முதல் வாரம் 'வயிறு சரியில்லை' என்று சொல்லித் தப்பித்தாராம். நான்காம் நாள் மருத்துவ அறைப் பெண்மணி கவலையோடு மருந்துடன் வந்துவிட்டார்! அதன்பின் துணைத் தலைமையாசிரியரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். மாதத் தொடக்கத்திலேயே அச்சாகிவரும் உணவுப் பட்டியலில், அவர் உண்ணத்தகாத நாட்களைச் சத்துணவு அலுவலர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தந்தார். அந்நாட்களில் வீட்டிலிருந்து சோறும் முட்டையும் கொண்டுபோனார். 'ஸார் டப்பாவில் என்ன?' என்று பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் கேட்டால்தான் சொல்வேன் என்றாராம். ரமளானில் வெறுங்கையோடு அமர்ந்திருக்கக் கண்டு, 'தண்ணீர்கூடவா?' என்று வியந்து கேட்டதும் அரைகுறை ஆங்கிலத்தில்தான். பாடநூலில் இல்லாத அக்கேள்விகளால்தான் பாடம் நடந்தது என்பேன்.

உணவுக்குப் பின் துப்புரவு. மாணவர்கள் வகுப்பறையையும் நடையையும் கழிப்பறையையும் தாங்களே பெருக்கித் துடைக்கிறார்கள்; ஆசிரியரும் கூடவே துணி பிழிகிறார். கற்கத்தக்க வழக்கம் இது. எங்கள் மத்ரஸாவில் நடைமுறைப்படுத்த முயன்றபோது முதல் ஆட்சேபம் பெற்றோரிடமிருந்துதான் வந்தது.

தொழுகையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். ளுஹருக்கு ஒரு காலி அறையைப் பள்ளியே ஒதுக்கித் தந்தது. டிசம்பரில் டோக்கியோ பக்கம் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆகவே அஸரும் அவ்வறையில்தான். ஆனால் ஜும்ஆவோ? அருகிலிருந்த பள்ளிவாசல் ரயிலில் ஒன்றரை மணி நேரத் தொலைவு. விடுமுறை வெள்ளிகளில் மட்டுமே போக முடிந்தது. இதை மறைத்துவிட்டு எந்தத் தகப்பனாருக்கும் நான் ஆலோசனை சொல்லமாட்டேன். பள்ளிவாசல் உள்ள நகரம் கிடைக்குமா என்று பார்ப்பதே முதல் வேலை. கோபேயில் 1935-லேயே இந்திய வணிகர்களின் பெரும் பங்களிப்போடு பள்ளிவாசல் எழுந்திருக்கிறது.

நம்மவருக்கு இது புதிய பாதையுமன்று. போபாலைச் சேர்ந்த மௌலவி பரக்கத்துல்லா 1909-இல் டோக்கியோ சென்று அயல்மொழிப் பள்ளியில் உருது போதித்தார். 'இஸ்லாமிக் ஃபிரட்டர்னிட்டி' என்ற ஆங்கில இதழையும் நடத்தினார். ஆங்கிலேய அரசின் நெருக்குதலால் இதழும் நின்றது. 1914-இல் வேலையும் போயிற்று. மறு ஆண்டே காபூலில் அமைந்த தற்காலிக இந்திய அரசின் பிரதமரானார் என்பது வரலாறு.

இனி, போக நினைப்பவர் வீட்டில் பேசவேண்டியது. பள்ளியில் அயல்மொழி போதிக்கும் விசாவுக்கு அம்மொழி வழியிலேயே 12 ஆண்டுகள் கற்றிருக்க வேண்டும். தமிழ் வழியில் படித்த பிள்ளை, ஆங்கிலம் எத்துணை நன்றாகப் பேசினாலும், இங்கே தடுக்கப்படுவார். தரகரிடம் பணம் கட்டுமுன் இதை அறிந்துகொள்ளுங்கள். கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. நிறுவன ஒப்பந்தமும் பெரும்பாலும் அவ்வளவே. ஆகஸ்டில் பள்ளி விடுமுறை என்று சம்பளத்தைக் குறைக்கும் நிறுவனங்கள் பல; நம் மாணவருக்கும் முதலாண்டு அப்படித்தான் நேர்ந்தது. வீட்டு வாடகை மட்டும் குறையவில்லை. ஆகஸ்டுச் சம்பளம் எவ்வளவு, மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு, ஏப்ரலில் புதுப்பிப்பார்களா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே அவர் இரண்டாம் ஆண்டுக்குக் கையெழுத்திட்டார்.